வாபஸ் வாங்காத முறைப்பாடு

இந்த நாட்டில் முறைப்பாட்டுக்குப் பதில் வருகிறது. நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன மாதம் எங்கள் தெருவிளக்கு எரியவில்லையென்று கொம்யூனுக்கு, அதாவது நம்மூர்ப் பிரதேச சபை மாதிரியான இடத்துக்கு, இரண்டு வரி எழுதிப் போட்டேன். நாலாம் நாள் கடிதம் வந்தது. முறைப்பாடு கிடைத்ததாம், நன்றியாம், ஆள் வருவாராம். ஆளும் வந்தார். வெளிச்சத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் வயிறெரிந்து நின்றவள் அந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மட்டக்களப்பில் நான் பார்த்த வேலை அப்படி.

நோர்வே நடுவில் நின்று செய்துவைத்த யுத்தநிறுத்த காலத்தில் அங்கே வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. நடந்த நல்லதை நான் மறைக்க மாட்டேன். அரசாங்கம், இயக்கம் என்ற இரு தரப்பும் கையெழுத்து வைத்த பிறகு வாவியில் வள்ளங்கள் பயமில்லாமல் இறங்கின. வயல் வட்டைக்குப் போனவர்கள் பொழுதுபடும்வரை நின்று வேலை செய்தார்கள். அடைபட்டுக் கிடந்த வாகரைப் பாதை திறந்தது. ஆனால் அந்த அமைதி வெளியே இருந்து நெருக்கி வாங்கியது. தூதுவர் வருகிற வாரம் காவலரணில் எங்களைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்கள். உதவி கொடுக்கிற நாடுகள் எங்கோ ஒரு நகரத்தில் கூடிப் பேசினால் எங்களூரில் நாலு நாள் வெடிச்சத்தம் இராது. தூதுவர் விமானம் ஏறிய பிறகு அதே காவலரணில் பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். நெருக்குதல் கொடுத்தவர்களுக்கு ஒப்பந்தம் உடையாமல் இருந்தால் போதும். அதற்குள் ஆட்கள் உடைவதைக் கணக்கில் எடுக்க அவர்களிடம் இடமிருக்கவில்லை.

ஒருநாள் காலையில் இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் கதிரவெளி பாக்கியம் அக்கா. மற்றவர் ஓட்டமாவடி றஹ்மத் ராத்தா. முஸ்லிம் ஊர்களில் அக்காவை ராத்தா என்பார்கள். பாக்கியம் அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். ராத்தாவின் கணவர் லொறியில் ஐஸ் கொண்டுவந்து மீனை ஏற்றிப் போகிறவர். பாதை திறந்த தைரியத்தில்தான் இருவரும் பழைய வியாபாரத்தைத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வந்ததற்கு முதல் நாள் மத்தியானம் லொறியை மறித்து இருவரையும் கொண்டுபோய்விட்டார்கள். தேடிப்போன சனம் கண்டது லொறியையும் அதிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த ஐஸ் தண்ணியையும்தான்.

மறித்தவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். இரண்டு தரப்பிலும் சேராத மூன்றாவது ஆயுதக் கூட்டம். கண்காணிப்பாளர் ஹான்ஸ் கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாக விளக்கினார். அந்தக் கூட்டம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, ஆகவே இது ஒப்பந்த மீறல் ஆகாது என்றார். அதை அப்படியே தமிழில் சொல்ல எனக்கு நாக்கூசியது. சொன்னேன்.

பாக்கியம் அக்கா என்னைத்தான் பார்த்தார். "கையெழுத்து வெக்காதவன் கொண்டுபோனா அது கொண்டுபோனதில்லையா புள்ள? கேட்டுச் சொல்லு."

கேட்டேன். ஹான்ஸ், 'வேறு சம்பவங்கள்' என்று பதியலாமென்று இரண்டு படிவங்களை எடுத்தார். ஒன்று தமிழருக்கு, ஒன்று முஸ்லிமுக்கு. ராத்தா ஒன்றைத் திருப்பித் தள்ளினார்.

"ரெண்டு பேரும் ஒரு லொறியிலதானே போனாங்க? கடதாசி மட்டும் என்னத்துக்கு ரெண்டு?"

படிவத்தில் ஒரு சமூகத்தைத்தான் குறிக்க முடியும் என்றார் ஹான்ஸ். இருவரும் அசையவில்லை. கடைசியில் நானே வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினேன். கீழே இருவரும் கையெழுத்து வைத்தார்கள். ஹான்ஸ் அதைக் கோப்புக்குள் வைத்தார், நான் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். பதில் வரவில்லை. யுத்தம் திரும்பி வந்தது, கண்காணிப்பாளர்கள் போனார்கள், நானும் வந்துவிட்டேன். கொண்டுபோன அந்த இரண்டு ஆண்களும் திரும்பி வரவில்லை.

இப்போது இங்கே, வேறொரு நாட்டுக்குச் சமாதானம் பேசப் போகிறவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. என்னையும் அனுபவம் சொல்ல அழைத்திருந்தார்கள். அதை நடத்தும் இங்ரிட் ஒரு சாப்பாட்டு வேளையில் என்னிடம் இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்கினாள். "இரண்டு எதிரிப் பெண்கள் சமாதானமானார்கள்! இதை நீங்கள் மேடையில் சொல்ல வேண்டும்."

"அவர்கள் எதிரிகள் இல்லை" என்றேன்.

"ஆமாம், இப்போது இல்லை."

"எப்போதுமே இல்லை. மீன் வியாபாரம் செய்த குடும்பங்கள்."

தலையாட்டிக்கொண்டே எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'பொருளாதார ஒத்துழைப்பு' என்றிருந்தது. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே இரத்தம் சிந்தவில்லை என்று நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்த அலுவலகத்தில் இருவரையும் பிரிக்கப் பார்த்தது படிவம்தான். இது இங்ரிட்டுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவர்கள் கதையை அவர்களைக் கேட்காமல் சொல்லலாமா? இருவரையும் தொலைபேசியில் ஒன்றாகப் பிடித்தேன்.

"சொல்லு புள்ள" என்றார் பாக்கியம் அக்கா. "ஆனா ராசியான கதையெண்டு மட்டும் சொல்லிப்போடாத. நாங்க எப்ப கோவிச்ச, மறுகா ராசியாக?"

"அது முறைப்பாடு" என்றார் ராத்தா. "நாங்க இன்னும் வாபஸ் வாங்கல்ல. முறைப்பாடு எடுக்கிற பெரிய கந்தோர் எல்லாம் அங்கதானே இரிக்கி? கையில குடுத்துப் பதில் கேளு."

மேடையில் நான் அழகான கதை சொல்லவில்லை. பிரதியை எடுத்து முதலில் தமிழில் வாசித்தேன், பிறகு நோர்வேஜிய மொழியில். வாசித்து முடித்து, தாளின் அடியில் 'பெற்றுக்கொண்டவர்' என்று எழுதிக் கோடு போட்டு, இறங்கி வந்து முன்வரிசை மேசையில் இருந்த இங்ரிட்டிடம் பேனாவோடு நீட்டினேன்.

"இதை வாங்க எங்களுக்கு அதிகாரமில்லை" என்றாள் மெல்ல. "நீங்களும் இந்த நாட்டவர்தானே, உங்களுக்குத் தெரியாதா?"

உண்மைதான். கடவுச்சீட்டு இந்நாட்டுடையது. வாக்குப் போடுகிறேன். தூது அனுப்புகிற அரசு என் அரசு.

"அதனால்தான் கேட்கிறேன்" என்றேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. நான் தாளை மடிக்கவும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கத்தில், என் பெயரும் இந்நாட்டுக் கொடியும் அச்சிட்ட அட்டையோடு எனக்கென்று போட்ட நாற்காலி காலியாக இருந்தது. நான் இந்தப் பக்கத்தில் நின்றேன், லொறியிலிருந்து கொண்டுபோன எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கும் பதில் கேட்டுக்கொண்டு.