இணைந்த சபையில் இடமில்லாத மேஜை

இரண்டு திருச்சபைகளும் ஒன்றாகிவிட்டன என்று பெரியவர்கள் மேடையில் கைகுலுக்கிக்கொண்டபோது மைக்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பிறந்தது இரண்டில் ஒன்றான மேட்டுக் கோயில் சபையில். பெண் எடுத்தது கடைத்தெருக் கோயிலில். கல்யாணமான நாளிலிருந்து, ஞாயிறு வந்தால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். இனி ஒரே பெஞ்சில் உட்காரலாம். "உன்னை விட்டா ரெண்டு பக்கமும் பேச யாரு இருக்கா?" என்று அவரையே கூட்டுக் கமிட்டிக்குச் செயலாளராக்கினார்கள்.

கடைத்தெருக் கோயிலைப் பூட்டிவிட்டு எல்லோரும் மேட்டுக் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறே வம்பு தொடங்கியது. ஜெபத்துக்கு ஒரு கூட்டம் எழுந்து நின்றது, இன்னொரு கூட்டம் முழங்கால் போட்டது. பாட்டு ஒன்றுதான், ராகம் இரண்டு. சேர்ந்து பாடிய அலங்கோலத்தைக் கேட்டு, மைக்கில்தான் கோளாறு என்று ஓர் அம்மா அவரைத் திட்டித் தீர்த்தார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்கு, மேஜை விஷயம்தான் தாங்கவில்லை. மாமனார் தச்சர். கடைத்தெருக் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் வைக்கும் திருவிருந்து மேஜை அவர் கையால் இழைத்தது. இங்கே அது சாமான் அறையில் துடைப்பங்களோடு கிடந்தது.

"மாப்பிள்ளை, எனக்கு முன்வரிசை வேணாம். அதை மட்டும் உள்ள வச்சிடுங்க."

"வச்சிடறேன் மாமா."

கமிட்டியில் கெஞ்சிக் கூத்தாடிச் சுவரோரமாக இடம் வாங்கினார். அடுத்த ஞாயிறு மேஜை மறுபடி சாமான் அறையில். தூக்கிப் போட்டவர்களில் அவருடைய சொந்த அண்ணனும் ஒருவர்.

"ஏண்ணே இப்படி?"

"வந்தவங்க வந்த மாதிரி இருக்கணும்டா. நீ மாமனார் வீட்டுக்கு வால் பிடிக்காத."

அந்த மழைக்காலத்தில் மாமனார் கண்ணை மூடினார். கடைத்தெரு ஆட்கள் சவப்பெட்டியை மேட்டுக் கோயிலுக்குள் கொண்டுபோக மறுத்துவிட்டார்கள். பூட்டிக் கிடந்த தங்கள் கோயில் வாசலிலேயே, குடைகளுக்கு அடியில், அடக்க ஆராதனை நடந்தது. மைக் கட்டியது மருமகன்தான். மேட்டுக் கோயிலிலிருந்து போதகரைத் தவிர ஈ காக்கை வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி கேட்டாள்: "அப்பாகிட்ட சொன்ன வார்த்தை என்னாச்சுங்க?"

அவர் நனைந்த மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது மேட்டுக் கோயிலில் காலையில் ஓர் ஆராதனை, மாலையில் ஓர் ஆராதனை. வாசல் பலகையில் மட்டும் ஒரே பெயர். மனைவி மாலையில் போகிறாள். அவர் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டார். காலையிலும் போவதில்லை, மாலையிலும் போவதில்லை.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வது அவர் வழக்கம். ஒருநாள் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மனைவி கண்ணை மூடியபடி காத்திருந்தாள். பிறகு மெல்ல, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள்.