பெரிய சாவியும் என் சொற்பொழிவும்

சென்ற ஆண்டு மழைக்காலம். புதுச்சேரியில், சாரம் பகுதியிலுள்ள ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். கல்லூரி நாள்களிலிருந்தே பட்டிமன்றங்களில் பேசிப் பழகியவன்; என் வாதத்தின் முன் நிலைத்து நின்றவர்கள் குறைவு என்பதைத் தன்னடக்கமின்றியே சொல்லிக்கொள்கிறேன்.

நோயாளிகளின் இரத்த வகை முதல் மருந்தின் அளவு வரை எதையும் மாற்றவும் அழிக்கவும் வல்ல உயர் கணக்கு ஒன்று எங்கள் கணினியில் உண்டு. அதைப் ‘பெரிய சாவி’ என்போம். நான் பணியில் சேர்ந்தபோது, வாசலில் படுத்திருக்கும் நாயின் பெயர்தான் அதன் கடவுச்சொல். எதிரே நிற்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்குக்கூடத் தெரிந்த பெயர் அது.

ஊழியர் கூட்டத்தில் எழுந்து முழங்கினேன். அவரவர் வேலைக்கு அவரவர் கணக்கு போதும். பெரிய சாவி திறக்க வேண்டுமானால் இருவர் தத்தம் கைப்பேசியில் அனுமதி அழுத்த வேண்டும்: ஒருவர் நான், மற்றவர் ஆய்வகத்தில் பணிபுரியும் என் வயதுத் தோழி. “தொலைபேசியில் கேட்டால் அனுமதிக்காதீர்கள். நானே கேட்டாலும் அனுமதிக்காதீர்கள்!” என்று முடித்தபோது கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

சில வாரங்களுக்குப் பின், பட்டிமன்றம் ஒன்றுக்காகச் சென்னைப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் மென்பொருள் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். பதிவுகள் சிதைந்துகொண்டிருக்கின்றன, உடனே பெரிய சாவியைத் திறந்துவிட்டால்தான் காப்பாற்ற முடியும் என்றார். நிதானமும் பதற்றமும் சரிவிகிதத்தில் கலந்த அருமையான பேச்சு. மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த பெண்ணின் நினைவு வரவே, என் அனுமதியை அழுத்திவிட்டுத் தோழியை அழைத்தேன்.

“பேச்சாளரே, நானே கேட்டாலும் தராதீங்கன்னு நீதான சொன்ன?”

“அது வேற. நாளைக்கு ஆபரேஷனுக்கு இருக்கிற அக்காவோட பிளட் குரூப்பே அழிஞ்சிபோச்சின்னா?”

“அவங்க மாடி வார்டுலதான படுத்துருக்காங்க? ஓடியா போயிட்டாங்க? ரத்தம் எடுத்து மறுபடி டெஸ்ட் பண்ணிட்டா ஆச்சி. அப்புறம்?”

நடுவர் முன் நிற்பதுபோல் காரணங்களை அடுக்கினேன். குரலை உயர்த்தினேன், தாழ்த்தினேன், இறுதியில் கெஞ்சவும் செய்தேன்.

“நீ நல்லாத்தான் பேசற. அதான் பயமா இருக்குது. உங்கிட்ட பேசனவனும் இப்டித்தான பேசியிருப்பான்? வைடா போன!”

இணைப்பைத் துண்டித்தவள், எங்களிடம் முன்பே இருந்த நிறுவனத்தின் எண்ணுக்குத் தானே அழைத்திருக்கிறாள். அவர்கள் யாரும் என்னிடம் பேசவில்லை; பதிவுகளுக்கு எந்தச் சிதைவும் இல்லை. அவள் அனுமதியும் சேர்ந்திருந்தால், அத்தனை நோயாளிகளின் விவரங்களும் முகம் தெரியாத ஒருவனின் கைக்குப் போயிருக்கும்.

திண்டிவனத்தில் இறங்கி அடுத்த பேருந்தில் திரும்பினேன். ஆய்வக வாசலில் நின்றவள், “நேர்ல வந்துட்டியா? இப்ப கேளு, தரலாமான்னு யோசிக்கறேன்” என்று சிரித்தாள்.

எத்தனையோ மேடைகளில் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆயினும், என் உரைகளில் சிறந்தது எது என்று எவரேனும் கேட்டால், என் பேச்சையே நம்ப வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்ட, அவள் ஒருத்தி மட்டும் மறவாதிருந்த அந்த உரையைத்தான் இன்றும் சொல்வேன்.