கட்டைவிரலின் சாட்சி

பேருந்துப் பணிமனை வாசலில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க இடமில்லாத கண்ணாடி அறையில், இருபத்திரண்டு வருடங்களாக அவர் நேரம் எழுதிக்கொண்டிருக்கிறார். வண்டி வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம். தாமதமாக வரும் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு காரணத்தோடு ஜன்னலில் தலையை நீட்டுவார்கள். "டயர் பஞ்சர் சார்." "வழியில ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க சார்." அவர் கடிகாரத்தை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். அதுதான் பதில். கறார் என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. அதை வைத்தது யார் என்று ஒரு மாதம் விசாரித்துப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.

"உங்க நிழல் பின்னாடி வந்தாக்கூட, யாருடா அதுன்னு திரும்பிப் பார்க்கிற ஆளு நீங்க," என்பாள் மனைவி.

மாலையில் பணிமனைச் சுவரை ஒட்டிய மைதானத்தில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பார். நால்வர் தொடர் ஓட்டத்துக்கு ஆள் எடுப்பதும் அவர்தான். சேர்ந்து ஓடவிட மாட்டார். பக்கத்தில் ஆள் இருந்தால் பயத்திலோ வீம்பிலோ ஓட்டம் மாறிவிடும் என்பது அவர் எண்ணம். ஒவ்வொருத்தியும் தனியாக நூறு மீட்டர், மூன்று தடவை. மூன்றில் சிறந்த நேரம் எல்லோர் முன்னாலும் சாக்பீஸால் சுவரில் ஏறும். பெற்றோர் யாராவது, "வீட்டுல கொஞ்சம் கஷ்டம் சார், பார்த்து..." என்று இழுத்தால், "கஷ்டத்துக்கு எத்தனை நொடி கழிக்கணும், நீங்களே சொல்லுங்க," என்பார்.

அந்த வருடம் மூன்று இடங்கள் சச்சரவில்லாமல் நிரம்பின. நான்காவதற்கு இருவர். ஒருத்தி மருந்துக்கடைக்காரரின் மகள். மற்றவள் மூன்று மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஓர் ஓட்டுநரின் மகள். ஆறு தாமதம் பதிவானால் இடைநீக்கம் என்பது பணிமனை விதி. அந்த ஆறையும் எழுதியவர் கறார். அந்த மாதம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள் என்பது பணிமனை நாய்க்குக்கூடத் தெரியும். விதியில் சாலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முதல் இரண்டு ஓட்டங்களில் மருந்துக்கடைக்காரரின் மகள் முந்தியிருந்தாள். அவளுடைய சிறந்த நேரம் பதினான்கு புள்ளி நான்கு நொடி. மற்றவளுடையது பதினான்கு புள்ளி ஆறு. மூன்றாவது ஓட்டத்தில் ஓட்டுநரின் மகள் பதினான்கு புள்ளி மூன்று. கறார் சுவரில் எழுதினார். பெண்கள் கைதட்டினார்கள்.

மருந்துக்கடைக்காரர் கைதட்டவில்லை. "ரெண்டு தடவை பின்னாடி இருந்த பொண்ணு, மூணாவதுல எப்படி சார் முந்துச்சு?"

"கடிகாரம் சொல்லுது."

"கடிகாரத்தை அழுத்துறது யாரு?"

"உங்க கடையில நானும் மாத்திரையை எண்ணித்தான் வாங்குறேன். சந்தேகப்படுங்க, தப்பில்ல," என்றார் கறார்.

சைக்கிளை எடுக்கப்போனபோது ஓட்டுநரின் மகள் எதிரில் வந்து நின்றாள்.

"சார், மூணாவது தடவை ஸ்டார்ட்லயே எனக்குக் கால் வழுக்கிடுச்சு."

"அதனால?"

"வழுக்கியும் எப்படி சார் நேரம் குறைஞ்சுது?"

"யாரு கேட்கச் சொன்னது? மருந்துக்கடைக்காரரா?"

"யாரும் சொல்லல. ஓடினது நான்தானே, எனக்குத் தெரியாதா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அப்பாவுக்காகவா சார்?"

"வீட்டுக்குப் போ," என்றார். சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

வழியெல்லாம் அந்த நொடியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். முடிவுக் கோட்டை நெஞ்சு தாண்டிய பிறகா கட்டைவிரல் அழுத்தியது, இல்லை இரண்டு எட்டு முன்னாலேயா? தெரியவில்லை. ஊரில் ஒருவரையும் நம்பாதவர், தன் கட்டைவிரலை மட்டும் விசாரிக்காமல் விட்டிருக்கிறார்.

மனைவியிடம் சொன்னார். "பாவம்னு போட்டீங்கன்னா போட்டதுதான். விடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள்.

"அந்த இன்னொரு பொண்ணுக்கு."

மனைவியிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. பாவம் பார்த்தது அந்தப் பெண்ணையா, அல்லது ஆறு தடவை எழுதிய தன் கையையா? இரண்டாவது என்றால் அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்க அவருக்குக் கூசியது.

மறுநாள் இருவர் நேரத்தையும் சுவரிலிருந்து அழித்தார். "கடிகாரம் வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்து ஓடுங்க," என்றார். கோட்டின் ஒரு முனையில் தான் நின்று, மறுமுனையில் மருந்துக்கடைக்காரரை நிறுத்தினார்.

ஓட்டுநரின் மகள் அரையடி முன்னால் கோட்டைத் தாண்டினாள். மருந்துக்கடைக்காரரே, "சரி, அவதான்," என்றார். சாக்பீஸை எடுத்த கறார் மற்றவளைப் பார்த்தார். அவளுக்கு அவ்வளவாக மூச்சு வாங்கவில்லை.

"முழுசா ஓடினியா?"

"ஓடினேன் சார்." அவள் தன் ஷூவைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் இடம் அவளுடையது, கொடுக்கட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அணியின் மற்ற மூவரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் ஓட்டுநரின் மகள் முந்திக்கொண்டாள்.

"பொய் சொல்றா சார். பாதிக்கு மேல வேகத்தை விட்டுட்டா."

"இல்லடி."

"என் காதுல உன் காலடிச் சத்தம் கேட்டுச்சுடி. என்னை என்ன செவிடுன்னு நினைச்சியா?"

"உனக்கு இது ரொம்ப வேணும்னு..."

"வேணும்தான். இப்படி வேண்டாம். வா, மறுபடி ஓடு. இந்தத் தடவையும் விட்டுக்கொடுத்தேன்னா ஜென்மத்துக்கும் உன்கூடப் பேசமாட்டேன்."

மருந்துக்கடைக்காரர் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கோட்டின் முனைக்குப் போனார். இருவரும் திரும்பி நடந்தார்கள். இந்த முறை யார் என்று கோட்டில் குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. மருந்துக்கடைக்காரரின் மகள் இரண்டடி முன்னால் வந்தாள். வந்தவள் அப்படியே புல்லில் விழுந்து இருமினாள். ஒருவரும் கைதட்டவில்லை.

கறார் நான்காவது இடத்தில் அவள் பெயரை எழுதினார்.

ஓட்டுநரின் மகள் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். மூச்சு அடங்கியதும் கேட்டாள். "ரிசர்வ் யாரு சார்?"

"நீதான்."

"நிஜமாவா?"

"மொத ரெண்டு ஓட்டத்துல உன்னது பதினாலு புள்ளி ஆறு. உனக்கு அடுத்தவ பதினஞ்சு. அவ நேரம் சுவத்துல இருக்கு."

அவள் சுவரருகே போனாள். அழிக்காமல் மீதியிருந்த பதினோரு பெண்களின் நேரத்தையும் மேலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது ஒண்ணா, ஏழா?"

"ஏழு."

"ஒண்ணு மாதிரி இருக்கு."

கறார் கிட்டே போய் அந்த ஏழை அழித்துத் தெளிவாக எழுதினார். அவள் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, விரலை அடுத்த பெயருக்கு நகர்த்தினாள்.