பாதாளத்தில் ஒரு மாதுளை

ஆனியில் மழை பிடித்துக்கொண்டதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு ஆனதும் நானும் மகளும் செம்பூர் வீட்டில் பாய் விரித்துப் படுத்துக் கிரேக்கப் புராணங்கள் கேட்டோம். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆங்கில ஒலிப்புத்தகம் இருவருக்கும் பொது. பழைய கதைகளை இந்தக் காலத்துக்காரர் ஒருவர் திரும்பச் சொல்கிறார். அதில் தேவியர் எல்லாம் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் பூ வாங்கிக்கொண்டே பேசுகிறவர்கள் மாதிரி பேசுகிறார்கள். வாசிக்கும் பெண்ணின் குரல் மழையோடு கலந்து வரும்போது எனக்குக் கண் செருகும். பாதாளத்து ஆறு என்றால், மான்குர்த் தாண்டி ரயில் பாலத்துக்குக் கீழே விரியும் சாம்பல் நிறத் தண்ணீர்தான் எனக்கு. அந்தச் சேற்றோரம், செத்தவர்களை அக்கரை சேர்க்கும் படகுக்காரன் அவசரமில்லாமல் நிற்பான்.

ஆடி முடிகிற வாரத்தில் மகளுக்கு ஒரு குளிர்நாட்டிலிருந்து வேலை வந்தது. "நீ சரின்னா போறேன்" என்றாள். நான் நாளைக் கடத்தினேன். பதில் எழுத வேண்டிய திங்கட்கிழமை நெருங்கிவிட்டது.

அதற்கு முந்தின நாள், ஆவணியின் முதல் ஞாயிறு. அன்றைய கதை பயிர்களின் தேவியுடையது. அவள் மகளைப் பாதாளத்து அரசன் தூக்கிப் போய்விடுகிறான். தாய் துக்கத்தில் மண்ணையே மலடாக்குகிறாள். கீழே மகளுக்கு முன்னால் ஒரு மாதுளை பிளந்து வைக்கப்படுகிறது. அங்கே எதையாவது தின்றுவிட்டால் முழுசாகத் திரும்ப முடியாது.

எங்கள் வீட்டில் கதை கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும். நின்றால் கதையும் நிற்கும். போனில் ஓடும் கதைக்கும் அதே வழக்கம்தான். நான் 'ம்' கொட்டுவதை விட்டேன். மகள் போனை நிறுத்தினாள்.

"தூங்கிட்டியா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"நடிக்காதேம்மா. நிஜமா தூங்கினா குறட்டை விடுவே."

"அவ அந்தப் பழத்தைத் தின்னாம இருக்கட்டுமே."

"தின்னாச்சும்மா. ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், கொஞ்ச மாசம் அங்கே, மிச்சம் அம்மாகிட்டே. அவ இல்லாதப்போதான் குளிர்காலம். எனக்கு ஆபீஸ்லே அவ்வளவு லீவு தரமாட்டா."

சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மழை, ஊரே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல, ஒரே பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்கே குளிர் எப்போ ஆரம்பிக்கும்? ஐப்பசியிலேயா?"

"ஐப்பசின்னா அக்டோபரா?"

"பாதி அக்டோபர், பாதி நவம்பர்."

"அப்போ ஐப்பசிதான்."

"அதுக்குள்ளே நல்ல ஸ்வெட்டரா வாங்கணும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு எழுதிடட்டுமா?"

"எழுது. இப்போ கதையைப் போடு. அந்த அம்மா என்ன பண்ணினான்னு கேக்கணும்."