கோட்டு போட்ட வெள்ளைக்காரி

தாம்பரம் கோர்ட்டில் பல வருடம் வழக்காடிய பிறகு, ஜெயக்கொடி தன் பெயரை முதன்முதலாகக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தாள். பெயருக்கு மேலே வேறொருத்தியின் படம் இருந்தது. பொன்னிறத் தலைமுடி, கறுப்புக் கோட்டு, பளிச்சென்ற சிரிப்பு.

அது 2009. வக்கீல்கள் இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதி வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. அவள் வேலை பார்த்த அலுவலகத்தின் சீனியர் சத்தியநாதன், உமேஷ் என்ற டிசைனரை வைத்து ஒன்று தயாரித்திருந்தார். திறந்ததும் இசை வந்தது, தராசு சுழன்றது, பளிங்குத் தூண்கள் எழுந்தன. என்னென்ன வழக்கு எடுப்பார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை.

"யாரு உமேஷ் இது?"

"சும்மா மாடல் போட்டோ மேடம். சைட்டுக்கு ஒரு லுக் வேணும்ல."

சத்தியநாதன் குறுக்கிட்டார். "கம்பெனிக்காரங்க பாப்பாங்கம்மா. கண்ணுக்கு லட்சணமா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

கொட்டிவாக்கம் குப்பத்தில் மீன் விற்ற பூவம்மாளின் மகள் அவள். வெயிலில் கறுத்த தன் முகத்தோடுதான் சத்தியநாதனுக்காக எத்தனையோ வழக்குகளில் நின்று ஜெயித்திருந்தாள். அலுவலகத்தில் அடக்கி வைத்திருந்த குப்பத்துப் பேச்சு அன்று வெளியே வந்தது.

"அப்போ நாளிக்கு கோர்ட்டுக்கும் இந்தம்மாவையே இட்டுக்கினு போங்க சார். எனக்கு இன்னா வேலை கீது?"

"ஆபீஸ்ல இப்படிப் பேசாதே."

"என் படத்தைப் போடுங்க. இல்லாங்காட்டி என் பேரை எடுத்துடுங்க."

அவர் பெயரை எடுத்தார். அவள் தன் சட்டப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கீழ்க்கட்டளையில் ஓர் அறை பிடித்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தனக்கென ஒரு பக்கம் செய்தாள். படம் இல்லை, நிறம் இல்லை. மேலிருந்து கீழ்வரை பொடி எழுத்தில் ஒரே பத்தி. படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்ற வீம்பு. மனசு கேட்காமல் அவளைத் தேடி வந்த உமேஷ் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"விஷயமெல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா ரெண்டு வரிக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க. கோவத்துல எழுதுன மாதிரி இருக்கு."

சுருக்கென்றது. கோபத்தில் எழுதியதுதான்.

"சரி, அழகா பண்ணு. பொய் மட்டும் வேணாம்."

எழுத்து பெரிதானது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவு எண், முகவரி, எடுக்கும் வழக்குகள். அறை வாசலில் அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தான். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா என்று அவன் கேட்கவில்லை.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த அஞ்சலி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். பிரசவத்துக்கு லீவு கேட்டதற்கு அவளை வேலையைவிட்டே நிறுத்தியிருந்தார்கள்.

"தமிழ்ல போட்டிருந்துச்சுக்கா. உங்களைப் பாத்ததும் பேசலாம்னு தோணுச்சு."

வழக்கு இழுத்தது. பட்டறையிலிருந்து சமாதானம் பேச வந்த ஆட்களை ஜெயக்கொடி வாசலோடு திருப்பி அனுப்பினாள். கடைசியில் அஞ்சலிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவளோடு வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

அந்தச் செய்தி தாம்பரம்வரை போயிருக்க வேண்டும். சத்தியநாதன் போன் செய்தார்.

"திரும்பி வந்துடும்மா. உன் படத்தையே போட்டுடலாம்."

"வேணாம் சார். இங்க ஆளுங்க காத்துக்கினுகீறாங்க."

போனை வைத்துவிட்டு, "அடுத்து யாரு? உள்ள வாங்க" என்றாள்.