மாமியார் மேடும் பத்துத் துடுப்பு டயரும்

என் அக்கா கிராசியேலாவின் கணவர் வெண்டல் ட்ரூயக்ஸ் இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஒரு ஜோடி டயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். வாங்கினார் என்று நான் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பாலைவன ஊர் பிராலியைச் சுற்றியிருக்கும் வயல்களுக்கு வாய்க்கால் மடை திறந்து மூடுவது அவர் வேலை. முப்பத்தோரு வருஷம் பார்த்தார். குதிரைமசால் வயலுக்கு எத்தனை மணி நேரம், லெட்டூஸ் வயலுக்கு எத்தனை அங்குலம் என்பதில் ஒரு நாளும் பிசகியதில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று அக்கா சொன்னாள்:

"இத்தனை வருஷம் தண்ணியப் பாத்தாச்சு வெண்டல். இனிமே மணலப் பாப்போம்."

அடுத்த வாரமே வீட்டு வாசலில் மணல்மேட்டில் ஏறி இறங்கி விளையாடுகிற ஒரு மணல் வண்டி வந்து நின்றது. இரண்டு இருக்கை, தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் எட்டடிக் கம்பில் ஆரஞ்சுக் கொடி. எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. கிழக்கே முப்பது மைல் போனால் கிளாமிஸ் மணல்மேடுகள். வெயில் தணிந்து அக்டோபர் வந்துவிட்டால் பாதி ஊர் அங்கேதான் கூடாரம் போட்டுக் கிடக்கும்.

வண்டியோடு வந்த டயர் தட்டை மணலில் ஓடியது. சரிவில் ஏற்றினால், நாய் எலும்பைப் புதைக்கிற மாதிரி அந்த இடத்திலேயே குழி பறித்து உட்கார்ந்துவிட்டது. ஏறுவதற்குத் துடுப்பு டயர் வேண்டும். படகுத் துடுப்பு போல ரப்பர்த் தகடுகள் டயருக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும். உள்ளங்கையைக் குவித்து அள்ளுகிற மாதிரி அவை மணலை அள்ளிப் பின்னால் வீசும். வண்டி முன்னால் போகும். பின்சக்கரம் இரண்டுக்கும் போட்டால் போதும். நான் என் வண்டிக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போய் வாங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாட்டி முடித்தேன். டிராக்டர் பழுது பார்க்கிறவன் நான், எனக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

வெண்டல் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

"ஃபெர்மீன், எட்டுத் துடுப்பா, பத்தா, பன்னெண்டா? இதான் கேள்வி" என்றார் என்னிடம்.

"பத்து. கேள்வி முடிஞ்சுது. காபிய ஊத்துங்க மச்சான்."

"அவசரப்படாத. துடுப்பு ஜாஸ்தியானா மணல நல்லாப் பிடிக்கும், சரி. ஆனா இஞ்சினுக்கு மூச்சு முட்டும். கொறைஞ்சா சக்கரம் சும்மா சுத்தும்."

"அதான் நடுவுல பத்து."

"உயரம்? முக்கால் அங்குலமா, ஒரு அங்குலமா? எடை? எடைய யாருமே யோசிக்கிறதில்ல. சுத்துற எடை வேற, சும்மா இருக்கிற எடை வேற."

நான் காபியை நானே ஊற்றிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மேட்டுக்கு மேடு போய் மணல் எடுத்துவந்தார். ஜாம் பாட்டில்களில் அடைத்து, திசையும் தேதியும் எழுதி ஒட்டி, அக்காவின் சமையலறை அலமாரியில் அடுக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கண்ணாடி போடாமல் சீரகப் பொடி என்று நினைத்து மேற்குச் சரிவை எடுத்து பீன்ஸில் போட்டுவிட்டாள். அன்றைக்கு எல்லோரும் பேசாமல், பல் படாமல் சாப்பிட்டோம். வெண்டல் மட்டும் நாக்கில் உருட்டிப் பார்த்து, "ரொம்பப் பொடி மணல். இதுக்கு ஒரு அங்குலம் வேணும்" என்றார்.

இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது கூடாரங்களில் பரவியது. முதலில் வந்தவள் ஓபல் ஹென்னிங். யூமா ஊர்த் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எழுபது வயது, குரல் மட்டும் முப்பது. தன் சின்ன வண்டிக்குப் பதினாலு துடுப்பு டயர் போட்டுக்கொண்டு, அது மேட்டில் பாதியிலேயே முனகி நிற்கிறது என்று வந்தாள். வெண்டல் நோட்டைத் திறந்தார். இஞ்சின் சக்தி கேட்டார். எந்தப் பக்கத்து மேடு என்று கேட்டார். அப்புறம் அவளுடைய எடையைக் கேட்டார்.

"என் புருஷனே நாப்பது வருஷமா கேக்காத கேள்வி இது!"

"காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார் வெண்டல், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவள் சொன்னாள். எட்டுத் துடுப்பு டயருக்கு மாறச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ஓபல் காடை பறக்கிற மாதிரி மேலே போனாள். உச்சியில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அதன் பிறகு அக்காவின் கூடாரத்து முன்னால் டாக்டர் வீட்டு வாசல் போல ஆட்கள் காத்திருந்தார்கள். யாருக்கும் அவர் சொன்னது தப்பவில்லை. "மாட்டும்போது திசையப் பாருங்க. குழிஞ்ச பக்கம் மணல அள்ளணும். இடது சக்கரத்த வலது பக்கம் மாட்டுனா எல்லாம் தலைகீழ்; புறங்கையால சோறு அள்ற கதைதான்" என்று ஒவ்வொருவரையும் எச்சரித்து அனுப்புவார்.

அவருடைய வண்டி மட்டும் பழைய டயரோடு கூடாரத்துப் பக்கத்தில் நின்றது. கேட்டால், "இன்னும் முடிவாகல" என்பார்.

அக்கா அதில் தட்டை மணலில் வட்டம் அடிப்பாள். அவள் பார்வை எப்போதும் எங்கள் கூடாரத்துக்கு எதிரே நின்ற பெரிய மேட்டின் மேல்தான் இருக்கும். அதற்கு மாமியார் மேடு என்று பெயர். எத்தனை பேர் முயன்றாலும் மசியாது, அதனால்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அந்த நவம்பரில் வெண்டலுக்கு அறுபது வயது நிறைந்தது. கூடாரத்தில் இறைச்சி சுட்டோம், அக்கா டொர்தியா ரொட்டி தட்டினாள், கேக்கும் இருந்தது. கேக் வெட்டியதும் ஓபல் தன் டிரெய்லருக்குப் பின்னாலிருந்து போர்வை போர்த்திய எதையோ உருட்டிக்கொண்டு வந்தாள். இன்னொன்றை நான் உருட்டினேன். போர்வையை எடுத்தால் சக்கரத்தோடு சேர்ந்த ஒரு ஜோடி துடுப்பு டயர். அவரிடம் யோசனை கேட்டுப் பலன் பெற்ற இருபது பேர் சேர்ந்து வாங்கியது.

எல்லோரும் கைதட்டினார்கள். வெண்டலின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது.

"பத்துத் துடுப்பா?" என்றார்.

"பத்து" என்றாள் அக்கா.

"உயரம்..."

"முக்கால் அங்குலம். எடையும் நீ எழுதுன எடை. உன் நோட்டுல எழுபத்திரண்டாம் பக்கம், சிவப்புல கோடு போட்டு வச்சிருந்தியே, அதப் பாத்துதான் வாங்குனோம்."

வெண்டல் வானத்தைப் பார்த்தார். "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார். கொடிகள் எல்லாம் துணி காயப்போட்ட மாதிரி அசையாமல் தொங்கின. "மழை பெஞ்ச பிறகு மணல் இறுகும். அப்போ பாக்கலாமே" என்றார்.

"இந்த ஊர்ல மழைக்குக் காத்திருந்தா உங்க எழுபதுக்குத்தான் ஏறணும்!" என்று ஓபல் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஏற்றம் என்று முடிவானது. முடிவு செய்தவர்களில் அவர் இல்லை.

காலையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி நானும் அவரும் சக்கரம் மாட்டினோம். ஒவ்வொரு சக்கரத்திலும் இடது, வலது என்று வெள்ளைப் பெயின்டில் அவரே எழுதி வைத்திருந்தார். இடது என்று எழுதியதை நான் இடது பக்கம் கொண்டுபோனேன்.

"அத இங்க குடு. நீ போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்றார்.

நான் திரும்பி வந்தபோது நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். இடது என்று எழுதிய சக்கரம் வலது பக்கத்தில் இருந்தது. கைதவறிப் போட்டுவிட்டார் என்று வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுத்தைப் பார்த்தார். ஒரு துணியில் பெட்ரோல் தொட்டு அந்த எழுத்தை மெதுவாகத் துடைத்தார். நான் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஜாக்கியை இறக்கினேன்.

பத்து மணிக்கு மேட்டின் அடியில் ஐம்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெண்டல் ஹெல்மெட் மாட்டி, ஏறி உட்கார்ந்து, இருக்கை பெல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். வண்டி உறுமியது. சரிவில் இருபது அடி போனது. பிறகு துடுப்புகள் மணலைத் தடவத் தடவ, வண்டி ஆடி, பக்கவாட்டில் சரிந்து, அச்சு வரை புதைந்து நின்றது.

ஓபல்தான் முதலில் போய்ப் பார்த்தாள். பிறகு கூடாரங்கள் வரை கேட்கும்படி கத்தினாள்: "தலைகீழா மாட்டியிருக்காரு! எனக்குப் பாடம் எடுத்த மனுஷன் தலைகீழா மாட்டியிருக்காரு!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முதுகில் தட்டினார்கள், தொப்பியைப் பிடுங்கினார்கள், படம் எடுத்தார்கள். வெண்டல் நடுவில் நின்று தலையைத் தொங்கப்போட்டு, "வயசாயிடுச்சு, வயசாயிடுச்சு" என்றார். இரண்டு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியான முகத்தோடு நான் அவரைப் பார்த்ததில்லை. ஐம்பது பேர் முட்டாள் என்று சொன்னதை அவர் பிறந்தநாள் பரிசை விட சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். துடைத்த இடத்தில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நான் மேட்டைப் பார்த்தேன்.

"ஃபெர்மீன், சக்கரத்த மாத்திப் போடுடா" என்றாள். "வெண்டல், அந்த ஹெல்மெட்டக் குடு."

"கிராசி, இது..."

"குடுப்பா. நல்ல டயர் வீணாப் போகக் கூடாதில்ல?"

அன்றைக்கு அவள் ஏறினாள். முதல் முயற்சியிலேயே, பின்னால் மணல் விசிறியாக எழும்ப, மாமியார் மேட்டின் உச்சிக்குப் போய் நின்றாள். கீழே வெண்டல் கண்ணை மூடி, உதடு அசைய நின்றிருந்தார். யாரோ, "டயர் அற்புதம்யா!" என்றார்கள். "பத்துத் துடுப்பு, முக்கால் அங்குலம்" என்றார் கண்ணைத் திறக்காமலேயே.

மறுவாரம் அக்காவின் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன், "உனக்கு அப்பவே தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தி பொருட்காட்சியில ராட்டினம் சுத்தக் கூட்டிட்டுப் போனேன். மூணு மணி நேரம் நட்டு போல்ட்டெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு, மணியாச்சுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டார். உயரம்னா பயம். பயம்னு சொல்றதுக்கு அதவிட பயம். நான் கேட்டா அவர் பொய் சொல்லணும். பாவம், அதுக்கு இன்னொரு நோட்டு வாங்குவார்."

அவருடைய மதிப்பு குறையும் என்று நான் பயந்தேன். கூடியது. தானே அந்தத் தப்பைச் செய்தவர், அதனால் அனுபவசாலி என்று வடக்கேயிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் அக்காவின் வண்டி உச்சியில் நின்றுவிட்டது. இஞ்சின் பெல்ட் அறுந்துபோயிருந்தது. நான் அன்று பிராலியில் இருந்தேன். ஓபல் சொல்லித்தான் தெரியும். மாற்றுப் பெல்ட் கூடாரத்தில் கிடந்தது. ஓபல் தன் வண்டியில் ஏறச் சொன்னாள். வெண்டல் மறுத்துவிட்டு, பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறினார். இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கியது. கடைசியில் கையையும் ஊன்றினார். முக்கால் மணி நேரம்.

மேலே போய் மண்டியிட்டபடியே பெல்ட்டை மாட்டினார். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லையாம். முடித்ததும் அக்கா பக்கத்து இருக்கையைத் தட்டினாள்.

"நடந்தே போறேன்."

"சறுக்குவ. உக்காரு. நான் மெதுவாப் போறேன்."

உட்கார்ந்தார். கூண்டுக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா வாக்குத் தவறாமல் எருமை இறங்குகிற வேகத்தில் இறக்கினாள். கீழே வந்து சேர்ந்ததும் இரண்டு நிமிஷம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஓபல் ஓடிவந்து, எப்படி இருந்தது என்று கேட்டாள்.

வெண்டல் கூண்டுக் குழாயிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

"டயர் பரவாயில்ல" என்றார். "இறக்கத்துல நல்லாவே பிடிக்குது."

இறக்கத்தில் அந்தத் துடுப்புகளுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஓபல் வாயைத் திறந்தாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாமா, நல்லாப் பிடிக்கும்" என்றாள் ஓபல்.