பறிமுதல் என்று எழுதச் சொன்னவர்

அந்த ரஷ்யப் பெண் ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் உள்ள என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் என் கைத்தொலைபேசியை அடுத்த அறையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். தன்னுடையதைக் கைப்பைக்குள் போட்டு, பையைக் குளிர் ஜாக்கெட்டால் சுற்றி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். பிறகு ஓர் உறையிலிருந்து நீதிமன்ற உத்தரவு ஒன்றை எடுத்தார். அதில் பெயர் வருகிற இடமெல்லாம் வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டி மறைத்திருந்தது.

"இதை ஆங்கிலத்தில் தர வேண்டும். பெயர்கள் உங்களுக்குத் தேவையில்லை" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பாளன். யாருடையதென்று தெரியாத கடதாசிக்கு முத்திரை குத்தினால் நாளைக்கு என் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். முகத்தை மூடிக்கொண்டு வருகிற கடதாசியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்.

அவருக்கும் என்மீது நல்ல எண்ணம் இல்லை. ஒரு யாழ்ப்பாணத்தான் இவ்வளவு சுத்தமாக ரஷ்யன் பேசுவது எப்படி என்று கேட்டார். சோவியத் காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்து மாஸ்கோவில் படித்தேன், படித்து முடிக்கிற நேரம் ஊரில் சண்டை முற்றியதால் இங்கே வந்து அகதியானேன் என்றேன். எந்த விடுதி, விடுதிக்குப் பொறுப்பாக இருந்தது ஆணா பெண்ணா, படிப்புச் செலவை அவர்கள் ஏன் சும்மா தந்தார்கள் என்று விசாரணை தொடர்ந்தது. அதற்கு மட்டும் நான் கோபிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு நான் அலுவலகங்களில் தமிழ் மொழிபெயர்க்கப் போனாலும் இதே கதைதான். எந்த ஊர், ஆருடைய மகன், எந்த இயக்கத்தோடு இருந்தவர் என்று என்னை உரசிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். என் சொந்த அகதி விசாரணையிலும் மொழிபெயர்க்க வந்தவர் சிரித்த விதம் பிடிக்காமல் நான் பாதிக் கதையை விழுங்கியவன்.

கடதாசியை வாசித்தேன். வோல்கா நதிக்கரை நகரம் ஒன்றில் ஒரு பெண்ணின் பெயரில் இருக்கும் அடுக்குமாடி வீடு. அந்த வீட்டுக்காரி போரைப் பற்றி இணையத்தில் எதையோ எழுதியதற்காக அவர்மேல் வழக்கு. வழக்கு முடியும்வரை வீட்டின்மீது 'அரெஸ்ட்'.

"பறிமுதல் என்று எழுதுங்கள்" என்றார் அவர்.

"இதில் அப்படி இல்லையே."

"ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றுதான். நான் இணையத்தில் பார்த்தேன்."

ஒன்றல்ல. ரஷ்யச் சட்டத்தில் வீட்டை அரெஸ்ட் செய்தால் அதை விற்க முடியாது, எழுதிக் கொடுக்க முடியாது, அடகு வைக்க முடியாது. ஆனால் வீடு உங்களுடையதுதான், குடியிருக்கிறவர் குடியிருக்கலாம். 'இஸ்யாத்தியே' என்றால் பொருளையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 'கன்பிஸ்காட்சியா' என்றால்தான் பறிமுதல். அது தீர்ப்புக்குப் பிறகு வருவது, வந்தால் வீடு அரசாங்கத்துக்குப் போய்விடும். சோம்பேறிகள் இந்த மூன்றையும் சீஷர் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் திணித்துவிடுவார்கள். அரெஸ்டுக்கு ஃப்ரீஸிங் என்று எழுதுவதுதான் என் வழக்கம். முடக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பறிமுதல் என்று எழுத எவ்வளவு கூடக் கேட்பீர்கள்?" என்றார். என் சந்தேகம் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. சொல்லை ஓர் அளவு பெருப்பித்துத் தரச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். நட்டஈடு, உதவிப்பணம், விசா, ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தார். திரும்பவும் அதே பேச்சு. என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு மிடறு குடிக்கும்வரை அந்தப் பெண் தன் கோப்பையைத் தொடவில்லை. நான் குசினிக்குள் போய் மனைவியிடம் அதைச் சொன்னேன்.

"பயந்துபோன மனுசியப்பா அது. நீங்கள் ஏன் பொலிஸ் மாதிரிக் குடையிறியள்?" என்றார் மனைவி.

"உமக்குத் தெரியாது. இதுக்குள்ள ஏதோ கிடக்கு."

"உங்களுக்கு ஆர் வந்தாலும் ஏதோ கிடக்கும். அந்த வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம் எண்டு கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. மனைவியே போய்த் தன் ஜெர்மனில் கேட்டார். அந்தப் பெண் கோப்பையைக் கீழே வைத்தார். "அம்மா" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. வீடு இவருடையதுதான். தாய் அங்கே தனியே இருக்கிறார், முழங்கால் ஏலாது, வேறு போக்கிடம் கிடையாது. இவருடைய கணவன் ஓர் ஆங்கிலேயன். லண்டனில் விவாகரத்து வழக்கு நடக்கிறது. அந்த வீட்டையும் விற்றுப் பாதியைத் தா என்று நிற்கிறான். அரசாங்கம் பறித்துவிட்டது என்று கடதாசி காட்டினால் இல்லாத வீட்டை விற்கச் சொல்ல மாட்டார்கள், தாய் இருக்கிற இடத்தில் இருப்பார் என்பதுதான் இவருடைய கணக்கு.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. "அரெஸ்ட் என்றாலே விற்க முடியாது அம்மா! உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். பொய் எழுதினால் அவன் வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பிடிப்பான், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நீதிபதி நம்ப மாட்டார்" என்றேன். முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு இழுபறி தேவையில்லை. ஆனால் என்னிடம் எதை நம்பிச் சொல்வது? அவர் நகத்தால் கடதாசித் துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார்.

ஃப்ரீஸிங் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். லண்டனில் அது வேலை செய்தது. முடக்கம் நீங்கும்வரை அந்த வீட்டைப் பற்றிப் பேச்சில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் ஒரு பெட்டி சொக்கிலேற் கொண்டுவந்தார். நான் காலாவதித் திகதியைப் பார்த்த பிறகே திறந்தேன், மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

நிம்மதி அதிக நாள் இருக்கவில்லை. அங்கே யாரோ ஒரு வக்கீல், விண்ணப்பம் போட்டால் அரெஸ்டை எடுப்பிக்கலாம் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். தாய்க்கு ஒரே சந்தோஷம். மகளின் வீட்டை மீட்டுக் கொடுக்கப்போகிறார் அல்லவா? ஆனால் அரெஸ்ட் எடுபட்ட மறுநாளே கணவன் விற்கச் சொல்லுவான், தாய் தெருவில். இதைத் தொலைபேசியில் விளக்க மகளுக்குப் பயம். யாரும் ஒட்டுக் கேட்டு, இந்த அரெஸ்ட் இவருக்கு வசதியாக இருக்கிறது என்று அறிந்தால் ஒரேயடியாகப் பறிமுதலுக்குப் போய்விடுவார்கள் என்றார். அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

ஆகவே, யார் கேட்டாலும் குற்றம் காண முடியாத ஒரு வசனத்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். எழுதினேன். 'தற்போதைய கட்டத்தில் அவ்வாறான விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது உசிதமற்றது என்று கருதப்படுகிறது.' ரஷ்யனில் அது இன்னும் கம்பீரமாக இருக்கும். எனக்கே என்மேல் மெச்சலாக இருந்தது. அவர் அதைப் பாடமாக்கி, எங்கள் குசினியில் இருந்தபடியே தாயை அழைத்தார். துணைக்கு நாங்களும் இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

தாய் முழங்காலைப் பற்றிப் பேசினார், பனியைப் பற்றிப் பேசினார், பிறகு வக்கீலைப் பற்றித் தொடங்கினார். அந்தப் பெண் என் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

"இது உன் பேச்சு இல்லை" என்றார் தாய். "உனக்குப் பக்கத்தில் யார்?"

"யாருமில்லை, அம்மா."

"உன்னைப் பிடித்துவிட்டார்களா? எழுதித் தந்து வாசிக்கச் சொல்கிறார்களா? இருமு. பிடித்திருந்தால் இருமு."

அந்தப் பெண் பேச வாயெடுத்தார். அழுகை முட்டியதில் இருமல்தான் வந்தது. தொடர்பு அறுந்தது. அன்று எத்தனையோ தரம் அடித்துப் பார்த்தும் தாய் எடுக்கவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே அங்கிருந்து பக்கத்து வீட்டுக்காரி அழைத்தாராம். தாய் அன்றே வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, கிராமத்தில் இருக்கும் தூரத்து உறவு ஒன்றைத் தேடி பஸ் ஏறிவிட்டார். மகளைப் பிடித்தவர்கள் அடுத்ததாக வீட்டுக்குத்தான் வருவார்கள் என்றாராம். அந்தக் கிராமத்து வீட்டில் தொலைபேசி இல்லை, தாய் தன்னுடையதையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெண் இதைச் சொல்லிவிட்டு, உன்னைப் பிடித்தது மெய்யா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்லலாம் என்று என்னைக் கேட்டார். நான் உங்கள் வாயில் வருவதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒரு பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார்.